கடலுக்குப் போன பெட்டரி

இத்தாலியில் நான் வேலை செய்யும் கராஜில், காரின் எஞ்சின் கம்ப்யூட்டருக்குக் கோட் எழுதும்போது கதவில் ‘நோன் தொக்காரே’ என்று ஒரு சிவப்பு மட்டையைத் தொங்கவிடுவார்கள். தொடாதே என்று அர்த்தம். அதன் பிறகு முதலாளிகூட அந்தக் காரின் பக்கம் போகமாட்டார். கோப்பியும் கையுமாகத் தூர நின்று பார்ப்பார். வந்த புதிதில் எனக்குச் சிரிப்பு அடங்காது. பெற்ற தாய்க்குச் சுகமில்லை என்றால் தொலைபேசியில் விசாரித்துவிட்டு வைக்கிற சனம், ஒரு தகரப் பெட்டிக்கு இவ்வளவு மரியாதை செய்கிறதே!

ஆனால் வருடங்கள் போக, அந்த மட்டை என் மண்டைக்குள்ளும் தொங்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை விடுமுறைக்குப் புறப்பட்டபோது சொக்லட்டுக்குப் பக்கத்தில், வண்டியின் கம்ப்யூட்டரில் கோட் எழுதும் ஸ்கேனரையும் வைத்துக்கொண்டேன். இலங்கையில், அனல்மின்நிலையம் இருக்கிற நுரைச்சோலைக்குப் பக்கத்தில் எங்கள் கடற்கரை ஊர். தங்கச்சியின் புருஷன் செபஸ்தியான் வேனில் மீன் ஏற்றிப் புத்தளத்துக்குக் கொண்டுபோகிறவன். வேனின் எஞ்சின் கம்ப்யூட்டருக்குள் ஐஸ் தண்ணீர் இறங்கி, பத்து நாளாக வண்டி முற்றத்தில் கிடந்தது. அது ஓடாவிட்டால் அந்த வீட்டில் அடுப்பு எரியாது. புத்தளத்தில் ஒரு மெக்கானிக் பாஸ் இருக்கிறார், கூப்பிடவா என்று தொலைபேசியில் கேட்டான்.

“அவனுகளுக்கு என்ன தெரியும் மச்சான்? சுத்தியலால அடிப்பானுகள். கழட்டின வேன் ஒண்டில இருந்து கம்ப்யூட்டர் ஒண்டு எடுத்து வையுங்க. நான் வந்து கோட் பண்ணித் தாறன்” என்று வீறாப்பாகச் சொன்னேன்.

ஊருக்குப் போய், அவன் எடுத்து வைத்திருந்த கம்ப்யூட்டரை வேனில் பூட்டி, ஸ்கேனரைச் செருகியதும் ஊரே கூடிவிட்டது. ஒருவன் ஸ்டியரிங்கைத் திருப்புகிறான். இன்னொருவன் கதவைத் திறந்து திறந்து மூடுகிறான். தங்கச்சி தேத்தண்ணீர்த் தட்டைப் பொனட்டிலேயே வைத்தாள். எல்லாரையும் விரட்டிவிட்டு, “பெட்டரி நல்லதா?” என்று கேட்டேன்.

“ஓம் மச்சான், புதுசு. போன மாசம்தான் போட்டது” என்றான் செபஸ்தியான். துடைத்து, கிறீஸ் பூசி, பளபளவென்றுதான் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரில் இருந்த பழைய வேனின் அடையாள எண்ணை அழித்து, இந்த வேனின் எண்ணை எழுத வேண்டும். தொடக்கத்தில் ஸ்கேனர் பெட்டரியைப் பற்றி ஏதோ எச்சரித்தது. வழக்கம்போல ஓகேயை அழுத்தினேன். பழையது அழிந்தது. புதியது பாதியில் நின்றது. அதற்குப் பிறகு எதைக் கேட்டாலும் கம்ப்யூட்டரிடமிருந்து பதில் இல்லை. பெட்டரியை அளந்து பார்த்தால், அதில் உயிரே இல்லை.

“நல்ல பெட்டரிதான் மச்சான்” என்று செபஸ்தியான் பதறினான். “வேன் சும்மா நிக்குதே எண்டு பக்கத்து வீட்டாக்கள் கணவாய் பிடிக்க, வள்ளத்தில லைட் எரிக்கக் கொண்டு போனவங்க. நேத்து ராவும் விடியும் மட்டும் எரிஞ்சதாம்!”

கண்ணெதிரே மின்நிலையத்தின் புகைக்கூடு வானத்தை முட்டிக்கொண்டு நிற்கிறது. ஒரு பெட்டரிக்குச் சார்ஜ் ஏற்ற இந்த மடையர்களில் ஒருவனுக்கும் தோன்றவில்லை. வாய்க்கு வந்தபடி திட்டினேன். சனம் கலைந்தது. தங்கச்சி தேத்தண்ணீர்த் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். கோட் எழுதும்போது பெட்டரி இறங்காமல் இருக்க, கராஜில் சார்ஜர் வயரைத் தினமும் எனக்காக மாட்டிவைப்பவன் வேறொருவன் என்பதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அடுத்த வாரம் இத்தாலிக்குத் திரும்பி வந்து, பெட்டரி கடலுக்குப் போன கதையை முதலாளியிடம் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்து, “ஓட்டுநர் பிழைத்தாரா?” என்று கேட்டார். கார் கடலில் விழுந்துவிட்டது என்று விளங்கிக்கொண்டார்! இந்த மனிதருக்கு விளக்கி என்ன பயன் என்று விட்டுவிட்டேன்.

நேற்று செபஸ்தியான் அழைத்தான். பின்னால் வேன் எஞ்சினின் சத்தம். புத்தளத்துப் பாஸ் வேறொரு கம்ப்யூட்டரோடு வந்தாராம். பொனட்டைத் திறந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, “இந்தப் பெட்டரி கடலுக்குப் போறதா?” என்பதுதானாம். தன் லொறியின் பெட்டரியிலிருந்து வயர் போட்டு அரை மணித்தியாலத்தில் முடித்துவிட்டாராம். சின்ன வயதில் அதே கரையில் வள்ளங்களுக்குப் பெட்டரி சுமந்து, அசிட் பட்டுச் சட்டையை ஓட்டையாக்கியவன் நான். எனக்கு அந்தக் கேள்வி வரவில்லை.

“மனசு விடாதீங்க மச்சான்” என்றான் செபஸ்தியான். “வெளிநாட்டு ஆளுக்கு எங்கட பெட்டரியப் பத்தி எப்பிடித் தெரியும்?”

அவன் நக்கலடிக்கவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

செத்த கம்ப்யூட்டரைக் கையோடு கொண்டு வந்திருந்தேன். இன்று கராஜில் சார்ஜர் வயரை நானே மாட்டி, பெரிய மெஷினில் அதைப் போட்டுப் பார்த்தேன். பழைய வேனின் எண்ணும் இல்லை, செபஸ்தியானின் வேனின் எண்ணும் இல்லை. முதலாளி தூர நின்றபடியே, “அது எந்தக் காருடையது?” என்று கேட்டார். நான் வயரைக் கழற்றினேன். குப்பையில் போடச் சொன்னார். வீட்டுக்குக் கொண்டுவந்து, அலுமாரியில் பாஸ்போர்ட்டுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.