உலகம் அழிந்த படத்தில் சம்பத் பேசிய வசனம்

உலகமே அழிந்த பிறகு மிச்சமிருக்கிற நாலு பேர் தண்ணீருக்காக அடித்துக்கொள்வதுதான் கதை. தலையெழுத்து, அதை மாமல்லபுரம் பக்கத்து மணலிலும் சவுக்குத் தோப்பிலும் எடுத்துத் தொலைத்தார்கள். உலகம் அழிந்தும் கதாநாயகனின் தலைமுடி மட்டும் கலையவே இல்லை. தொண்ணூற்றைந்தில் செங்கல்பட்டில் ஒரு வாரம்கூட ஓடாத அந்தக் குப்பையைப் பல வருஷம் கழித்து நான் தேடி அலைந்தது செங்கமலத்துக்காக.

செங்கமலம் என் சிநேகிதன் சம்பத்தின் மனைவி. சிங்கப்பெருமாள் கோயிலில் வீடு. சம்பத்தும் நானும் மறைமலைநகரில் ஒரே கம்பெனியில் வேலை பார்த்தோம். கம்பெனி பஸ்ஸில் ஏறினால் இறங்கும்வரை அவன் வாய் ஓயாது. குரல் ஒன்றும் பிரமாதமில்லை, ஜலதோஷம் பிடித்தவன் மாதிரி மூக்கால்தான் வரும். ஆனால் அவன் லீவு போட்ட நாளில் பஸ் இழவு வீடு மாதிரி இருக்கும்.

அந்தப் படத்தின் ஷூட்டிங்கை வேடிக்கை பார்க்கப் போனவனுக்குக் கந்தலைச் சுற்றிவிட்டு ஒரு வசனமும் கொடுத்துவிட்டார்கள். "தெக்கால தண்ணி கீது. கொழந்தைங்கள இட்டுகினு போங்க." சொன்ன கையோடு வில்லன் சுட்டுவிடுவான். அந்த ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு ஒரு மாசம் எங்கள் உயிரை வாங்கினான்.

படம் வந்ததும் கூட்டமாகக் கிளம்பிப் போனோம். திரையில் சம்பத் தலை தெரிந்ததுதான் தாமதம், நாங்கள் அடித்த விசிலில் அவன் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. நிறைமாதமாக இருந்த செங்கமலம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

மூன்று மாசம்கூட ஆகவில்லை, ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரி மோதி சம்பத் போய்விட்டான். குழந்தை ஸ்வாதிக்கு அப்போது கழுத்துகூட நிற்கவில்லை. பாவி, இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டுப் போகக் கூடாதா?

கம்பெனி கேன்டீனில் செங்கமலத்துக்கு வேலை போட்டுக் கொடுத்தார்கள். அதே பஸ். முதல் நாள் அவள் ஏறியபோது ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். "இன்னா, எல்லாரும் ஊமையாயிட்டீங்களா? அவரு இருந்தா வுட்டுருப்பாரா?" என்று அதட்டினாள். அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். இன்னொரு கல்யாணப் பேச்சை எடுத்தவர்களை வாசலோடு அனுப்பினாள். ஸ்வாதியைப் படிக்க வைத்தாள்.

நான் கம்பெனியை விட்டு வந்து செங்கல்பட்டில் சிடி கடை போட்டேன். செங்கமலம் அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் கடை வாசலில் நின்று, "அந்தப் படம் கெடைச்சுதா அண்ணா?" என்று கேட்பாள்.

ஸ்வாதி விவரம் தெரிந்ததிலிருந்து அப்பா எப்படிப் பேசுவார் என்று நச்சரித்துக்கொண்டிருந்தாள். முகத்துக்குக் கல்யாண ஆல்பம் இருந்தது. குரலுக்கு ஒன்றும் இல்லை. "வூட்ல டேப் இருந்துச்சு அண்ணா. இவரு பேச்ச எவ பிடிச்சு வைப்பா? எப்ப வாய மூடுவாருன்னுதான் இருந்துச்சு. இப்ப புள்ளைக்கு சொல்லி வச்சுகீறேன், படத்துல உங்கப்பா பேசுவாருடின்னு."

கடைசியில் சென்னையில் ஒரு பழைய சிடி கடையின் மூலையில் அது கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போனேன். செங்கமலம் தலைக்குக் குளித்துப் பூ வைத்திருந்தாள். நாஸ்தாவைத் தொடாமல் ஸ்வாதி டிவி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள்.

சம்பத் வந்தான். எவ்வளவு சின்னப் பையனாக இருந்திருக்கிறான். வாயைத் திறந்தான்.

"தெற்கே தண்ணீர் இருக்கிறது. குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள்."

கனத்த குரல். எவனோ சென்னை ஸ்டுடியோவில் உட்கார்ந்து பேசியது. சினிமாவில் ஒருவர் முகத்துக்கு இன்னொருவர் குரல் கொடுப்பது ஊருக்கே தெரியும். எங்கள் சம்பத்துக்கும் அதைச் செய்திருப்பார்கள் என்று மட்டும் எங்களில் ஒரு மடையனுக்கும் தோன்றவில்லை.

நான் வாயெடுப்பதற்குள் செங்கமலம் என்னைப் பார்த்துத் தலையை ஆட்டி வேண்டாம் என்றாள்.

"இதான் அப்பா குரலாம்மா?"

"ஆமாண்டி."

"சூப்பரா கீதும்மா. மாமா, இன்னொரு வாட்டி போடுங்க."

போட்டேன். எத்தனை முறை போட்டேனோ. ஸ்வாதி அந்தக் குரலிலேயே பேசிப் பார்த்துச் சிரித்தாள். செங்கமலம் அடுப்பைப் பார்க்கப் போகிறேன் என்று உள்ளே போனவள் வெகுநேரம் வெளியே வரவில்லை.

ஒரு மாசம் போயிருக்கும். செங்கமலம் கடைக்கு வந்தாள். ஆள் இளைத்திருந்தாள். மற்றவர்கள் போகும்வரை காத்திருந்து மெதுவாகச் சொன்னாள்.

"ஸ்வாதி தெனிக்கும் அதப் போட்டுகினே கீது அண்ணா. இத்தினி வருஷமா கண்ண மூடிகினா அவரு 'செங்கமலம்'னு கூப்புடுவாரு, எனக்கு நல்லாக் கேக்கும். அதான் எனக்கு இருந்துச்சு. இப்ப அந்தாளு குரல்ல கூப்புடுறாரு. நானும் எப்டி எப்டியோ நெனச்சுப் பாக்குறேன். அவருது வர மாட்டுது."

"அந்த எழவு சிடிய ஒடைச்சுப் போட்டுரலாம்மா. நான் வந்து சொல்றேன் அவகிட்ட," என்றேன்.

"ஒடைக்காதீங்க அண்ணா," என்றாள் செங்கமலம். "அவளுக்கு இப்பத்தான் அப்பா வந்துகீறாரு."