பன்னிரண்டு மணித்தியாலம்

கர்ப்பத்தின் நான்காம் மாதத்தில் எடுத்த இரத்தத்தில் எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருப்பதாக முடிவு வந்தது. காய்ச்சல் இல்லை. கண் மஞ்சளிக்கவில்லை. சாப்பாடு வழக்கம்போல இறங்கியது. டொக்டர் தாளை இரண்டு தடவை வாசித்தார். இது பல வருடங்களாக உடம்பில் இருந்திருக்கலாம், அநேகமாக நான் பிறந்த அன்றே வந்திருக்கலாம் என்றார். பிறகு பக்கத்தில் இருந்த உம்மாவைப் பார்த்தார். உம்மா மின்விசிறியைப் பார்த்தார்.

செய்ய வேண்டியவை சில. ஏழாம் மாதத்திலிருந்து தினம் ஒரு மாத்திரை. பிள்ளை பிறந்ததும் இரண்டு தொடையிலும் ஒவ்வோர் ஊசி: ஒன்று தடுப்பூசி, மற்றது அந்த வைரஸை உடனே எதிர்க்கும் மருந்து. பன்னிரண்டு மணித்தியாலத்துக்குள் இரண்டையும் போட்டுவிட வேண்டும். தவறினால் பிள்ளைக்கும் இது தொற்றி, வாழ்நாள் முழுக்க ஈரலில் இருந்துவிடக்கூடும்.

கணவரைச் சோதித்தார்கள். அவருக்கு இல்லை. தடுப்பூசி போடத் தொடங்கிவிட்டுக் கட்டாருக்குத் திரும்பினார். உம்மாவையும் தங்கையையும் சோதிக்க வேண்டும் என்று டொக்டர் ஒவ்வொரு கிளினிக்கிலும் சொன்னார். உம்மாவின் தம்பி நாற்பது வயதில் வயிறு ஊதி மௌத்தானவர். செங்கமாரி முற்றிவிட்டது என்று வீட்டில் சொல்வார்கள். மஞ்சள் காமாலைக்கு எங்கள் பக்கத்துப் பெயர் அது. திரும்பி வரும் வழியில் மாமாவைப் பற்றிக் கேட்டேன். உம்மா ஆட்டோவை நிறுத்தச் சொல்லி மீன் வாங்க இறங்கினார்.

அப்போது தங்கைக்குச் சாய்ந்தமருதில் மாப்பிள்ளை பேசிக்கொண்டிருந்தோம். கலியாணத்துக்குப் பிறகு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து குடியிருப்பதுதான் எங்கள் வழக்கம். அதனால் அந்தப் பக்கத்தார் வீட்டைப் பார்ப்பது போலவே வீட்டிலுள்ளவர்களின் உடம்பையும் விசாரிப்பார்கள். யாருக்குச் சீனி, யாருக்கு இழுப்பு, யார் என்ன நோய் வருத்தத்தில் மௌத்தானார் என்பதெல்லாம் பேச்சில் வரும். மாப்பிள்ளையின் மாமி ஒருவர் மகப்பேற்று வார்டில் துப்புரவு வேலை செய்தார்.

பிள்ளைத்தாய்ச்சியைப் பார்க்க வரும் பெண்கள் முதலில் எடுத்துப் புரட்டுவது கிளினிக் கார்டைத்தான். அதில் எதையும் எழுத வேண்டாம் என்று உம்மா டொக்டரிடம் கெஞ்சினார். அவருக்கு விருப்பமில்லை. நானும் கேட்டேன். கடைசியில் விபரத்தை ஒரு கடிதமாக எழுதி, உறையில் வைத்து ஒட்டி, கார்டின் உள்ளே பின் அடித்துத் தந்தார். வார்டுக்குள் போனதும் முதல் வேலையாக இதைக் கொடுங்கள் என்றார். பத்து வருடம் பத்திரிகைக்குச் செய்தி எழுதியவள் நான். முக்கியமான ஒரு தகவலை ஒரேயொரு இடத்தில் மட்டும் வைத்தால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

விடிகாலைச் சுபஹ் தொழுகைக்குப் பிறகு வலி தொடங்கியது. ஆட்டோ பாண்டிருப்பைத் தாண்டும்போது ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை வந்தது. கார்டு உம்மாவின் கையில் இருந்தது. வார்டு வாசலில் அவர் அதைத் தாதியிடம் கொடுப்பதைப் பார்த்தேன். அதற்கு மேல் எதையும் கவனிக்கும் நிலையில் நான் இல்லை. காலை ஒன்பது நாற்பதுக்குப் பெண் பிள்ளை பிறந்தது.

பன்னிரண்டு மணிக்குப் பார்வையாளர்களை விட்டார்கள். உம்மா வந்து கட்டிலோரம் உட்கார்ந்தார். கடந்து போன தாதியிடம் பிள்ளைக்கு ஊசி போட்டாயிற்றா என்று கேட்டேன்.

“ஓம், இடக்கையில போட்டாச்சு,” என்றார்.

டொக்டர் சொன்னது தொடை. கையில் போட்டது எல்லாப் பிள்ளைக்கும் போடும் காசநோய்த் தடுப்பூசி. கால்மாட்டில் கிடந்த கார்டை எடுத்து விரித்தேன். உள்ளே பின் இருந்த இடத்தில் இரண்டு சிறு துளைகள் மட்டும் இருந்தன.

உம்மா குரலைத் தாழ்த்தினார். “கடதாசி என்ட பேக்ல இருக்கு. நாளைக்கு வீட்ட போக டிக்கட் வெட்டக்குள்ள டொக்டர்ட தனியாக் குடுப்பம்.”

“நாளைக்கெண்டாப் பிந்திரும் உம்மா. இப்பவே தாங்க.”

“அவ அங்க நிக்கிறா.”

இரண்டு கட்டிலுக்கு அப்பால் மாப்பிள்ளையின் மாமி தரை துடைத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்துச் சிரித்தார். உம்மாவும் சிரித்தார். சிரித்தபடியே பையை மடியில் இறுக்கிக்கொண்டார்.

“புள்ளையப் பாரு, ஒரு கொறையும் இல்ல. உனக்கு மாப்பிள்ளையும் வந்தாச்சு, புள்ளையும் வந்தாச்சு. தங்கச்சிக்கு ஆரு வருவான்?”

மணி அடித்தது. உம்மா பிள்ளையின் நெற்றியைத் தடவிவிட்டு, பையோடு போய்விட்டார்.

சுவர்க் கடிகாரத்தில் ஒன்று ஐந்து. மருந்துக் களஞ்சியத்தை நான்கு மணிக்குப் பூட்டுவார்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். தையல் போட்டிருந்ததால் எழுந்து நடக்க முடியவில்லை. தாதியைக் கையசைத்துக் கூப்பிட்டேன். முடிந்தளவு மெதுவாகச் சொன்னேன்: “மிஸ், எனக்கு ஹெபடைட்டிஸ் பி இருக்கு. புள்ளைக்கு ரெண்டு ஊசி போடணும். நேரம் போகுது.”

 அவர் திரும்பி, மேசையில் இருந்த மற்றத் தாதிக்கு அதை அப்படியே உரக்கச் சொன்னார். அவசரத்தில் சொன்னார். தரை துடைக்கும் சத்தம் நின்றது.

தொலைபேசியில் பேசினார்கள். கையுறை போட்டார்கள். படித்த பெண்ணாக இருந்துகொண்டு இதையா மறைப்பது என்று ஏசினார்கள்.  என் கட்டிலை வரிசையின் கடைசிக்கு நகர்த்தினார்கள். தடுப்பூசி வார்டுக் குளிர்சாதனப் பெட்டியிலேயே இருந்தது. மற்ற மருந்து களஞ்சியத்திலிருந்து ஐஸ் பெட்டியில் வந்தபோது மூன்று பத்து. பிள்ளை இரண்டாவது ஊசிக்குத்தான் அழுதது. தாதி நேரத்தைக் கார்டில் சிவப்பு மையால் எழுதினார்.

அதற்குப் பிறகு மாமி என் கட்டிலடிக்கு வந்தார்.

“எந்தப் பக்கத்தால வந்த வருத்தம் மகள்?”

நான் பிள்ளையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதிலுக்கு நிற்கவில்லை. வாளியைத் தூக்கிக்கொண்டு போனார்.

ஏழாம் நாள், பிள்ளைக்குத் தலைமுடி இறக்கிய பிறகு, மாப்பிள்ளை வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு வந்தது. மாப்பிள்ளைக்கு இப்போது கலியாணம் முடிக்க எண்ணம் இல்லையாம். நாங்கள் காரணம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவும் இல்லை. அன்றிலிருந்து நாற்பதாம் நாள் வரைக்கும் உம்மா என்னோடு கதைக்கவில்லை. வேளை தவறாமல் பிள்ளை பெற்றவளுக்கான சரக்குக் கறி ஆக்கித் தந்தார். வெந்நீர் வார்த்தார். பால் கொடுக்கலாம், அதனால் தொற்றாது என்று டொக்டர் சொல்லியிருந்ததைத் தங்கை அவருக்கு எடுத்துச் சொன்னாள். ஆனாலும் நான் பிள்ளையை நெஞ்சில் அணைக்கும் ஒவ்வொரு தடவையும் உம்மா அறையை விட்டு வெளியே போய்விடுவார்.

உரிய நேரத்தில் ஊசி போட்ட பிள்ளைகளில் பெரும்பாலானோர் தப்பிவிடுவார்கள், ஆனால் எல்லாரும் அல்ல என்றார் டொக்டர். மிச்சத் தடுப்பூசிகள் முடிந்த பிறகு இரத்தத்தைச் சோதித்தால்தான் தெரியும். பிள்ளைக்கு இப்போது எட்டு மாதம். தவழ்கிறது. வெயிலில் தூக்கிப் பிடித்து அதன் கண் வெள்ளையைப் பார்ப்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது. அதில் எதுவும் தெரியாது என்று தெரிந்தும் பார்க்கிறேன்.

அடுத்த மாதம் கல்முனை ஆஸ்பத்திரியில் பிள்ளைக்கு இரத்தம் எடுக்க வேண்டும். போன வெள்ளிக்கிழமை தங்கை தானும் வருவதாகச் சொன்னாள். நான் எதுவும் கேட்டிருக்கவில்லை.

“உங்களப் பெத்தவதானே என்னையும் பெத்த,” என்றாள்.

உம்மா அடுப்படியில் நின்றார். கேட்டிருக்கும். அன்றைக்குத் தனக்குக் கல்முனையில் வேலை இருக்கிறது என்றார். என்ன தேதி என்று நாங்கள் இன்னும் சொல்லியிருக்கவில்லை.