மூண்டு வருசம் நாய்க்கு விழுந்த ஏச்சு

ரெண்டு சிரட்டை. அதுதான் முதல்ல ஞாபகத்துக்கு வருகுது. குசினி வாசலில வலப்பக்கம் இருந்தது என்ட நாய் சிட்டுவுக்கு, இடப்பக்கம் இருந்தது மாமிட நாய் வீரனுக்கு. ரெண்டும் முழங்காலுக்குக் கீழ நிக்கிற குட்டை நாயள். சிரட்டையை மாத்தி வச்சமோ, மண்டூர் முழுக்க வெயில் எறிச்சாலும் எங்கட வளவில மட்டும் இடி இடிக்கும்.

இது எழுபத்தெட்டாம் வருசச் சூறாவளி அடிக்கிறதுக்குக் கனகாலம் முதல் நடந்தது. அப்ப நான் கலியாணம் முடிச்ச புதுசு. எங்கட பக்கம் வீடு பொம்பிளைக்குத்தான், ஆம்பிளை உடுப்புப் பெட்டியோட வந்து இருப்பான். என்ட புரிசனும் வெல்லாவெளியில இருந்து அப்பிடித்தான் வந்தார். ரெண்டு மாசத்தால அவர்ட அம்மாவும் வந்தா, இடுப்பில வீரனைத் தூக்கிக்கொண்டு. தன்ட வீட்டை மகளுக்குச் சீதனமாக் குடுத்திட்டு, அந்த மகளோடயே சண்டை பிடிச்சு வெளிக்கிட்டு வந்தவ. இனி எங்க போற? அதால வீட்டுக்காரியான எனக்கு நேர ஏச அவவுக்குப் பயம். மாமியாச்சே எண்டு எனக்கும் ஏலாது. அதுக்கெண்டு ஏசாம இருக்கேலுமா? நாய் இரிக்குதே!

"சிட்டு, வெயில் முதுகில எறிக்குது, இன்னும் படுக்கையோ? உன்னைப் பெத்தவ இதுதான் பழக்கினாவோ?" எண்டு முத்தத்தில நிண்டு கேப்பா. சிட்டு எழும்பி ஊரெல்லாம் சுத்தி வந்திட்டுது. படுத்துக் கிடந்தது நான். நான் விடுவனோ? "வீரா, அடுத்தவன் வீட்டுச் சோறு அவ்வளவு ருசியோடா?" எண்டு சட்டியைச் சுரண்டிச் சுரண்டிக் கேப்பன். மூண்டு வருசம் நாங்க ரெண்டு பேரும் நேர ஒரு சொல்லுக் கதைக்கயில்ல. கறிக்கு உப்புக் காணாது எண்டதைக்கூட அவ நாயிட்டத்தான் சொன்னா.

ஆனா அந்தச் சண்டையில தோத்தது நான்தான். ஏனெண்டா வீரன் சூடு சுரணை கெட்ட சீவன். ஏசினா வாலாட்டும், இன்னும் ஏசினா உருண்டு வயித்தைக் காட்டும். நான் நெஞ்சு பத்தி எரிய ஏச, அது சோறு வருகுதாக்கும் எண்டு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு நிக்கும். மாமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பா. என்ட சிட்டு அப்பிடியில்ல. குரல் கொஞ்சம் உசந்தாலே காதை மடிச்சுக்கொண்டு உரலுக்குப் பின்னால போய்க் கிடக்கும். ஒரு ஏச்சு அதுக்கு ரெண்டு நாளைக்குக் காணும். எனக்கு வந்த ஏச்சையெல்லாம் அதுதான் தின்னுச்சு, சோத்துக்கு வயித்தில இடமில்லாமப் போச்சு.

மூண்டாம் வருசமாகியும் எனக்குப் பிள்ளை இல்ல. மாமிட வாய் இன்னும் நீண்டுது. சிட்டு விலாவெலும்பு தெரியக் கிடந்துது. நாட்டு மருந்துப் பரியாரி தடவிப் பாத்திட்டு, "நோய் வருத்தம் ஒண்டுமில்ல, பயந்து கிடக்கு. இப்பிடியே பட்டினி கிடந்தாச் செத்துப் போயிரும்" எண்டார். புரிசனிட்டச் சொன்னன். "அம்மா நாய்க்குத்தானே ஏசுறா, உனக்கில்லையே" எண்டார். அந்த மனிசனுக்கு உலக்கையால ஒண்டு போடாம விட்டது என்ட நல்ல குணம்.

ஒரு நாள் பின்னேரம் நான் கிணத்தடியில மீன் கழுவுறன். வேலிக்கு அங்கால பக்கத்து வீட்டுக்காரி பாய் இழைக்கிறா. நாலு நாளைக்குப் பிறகு சிட்டு அப்பதான் சோத்தில வாய் வைக்குது. மாமி வந்து நிண்டா.

"தின்னு, நல்லாத் தின்னு! மூண்டு வருசமாத் தின்னுறாய், ஒரு குட்டி போட வக்கில்ல. மலட்டு நாய்!"

சிட்டு சோத்தை விட்டிட்டு உரலுக்குப் பின்னால போயிற்று. நான் கையில மீன் செதிலோட எழும்பி, முதல் தரமா மாமிட முகத்தை நேர பாத்தன்.

"மாமி, அது கடுவன்."

வேலிக்கு அங்கால களுக்கெண்டு ஒரு சிரிப்பு. மாமி கிறுகித் திரும்பிச் சிட்டுவைப் பாத்தா. மூண்டு வருசமா அந்த நாயை ஏசினவ, ஒரு நாளும் அதைப் பாத்ததில்ல. பாத்ததெல்லாம் என்னைத்தான்.

"கடுவன் எந்த ஊரில மாமி குட்டி போட்டது? பிள்ளை இல்லாதவ நான். இந்தா நிக்கிறன், என்னை ஏசுங்க. நாயை விடுங்க. வீட்டை விட்டுப் போங்க எண்டு நான் சொல்லமாட்டன், பயப்பிடாதீங்க."

மாமி தொண்டையைச் செருமினா. "உன்ட மீன் கறி கழனித் தண்ணி" எண்டு துவங்கினவதான், பொழுது படுமட்டும் நிப்பாட்டயில்ல. என்ட நடை, என்ட சிரிப்பு, என்ட அம்மா, ஒண்டும் மிச்சமில்ல. நானும் சேத்து வச்சதையெல்லாம் அவிட்டுக் கொட்டினன். பக்கத்து வீட்டுக்காரி பாயை எறிஞ்சு போட்டு வேலியில ஏறி நிண்டா. "இன்னும் சத்தமாச் சொல்லுகா, விளங்கயில்ல" எண்டும் கேட்டா! சிட்டு மெல்லத் தலையை நீட்டிப் பாத்துது. ரெண்டு பேரும் கத்துறாளுகள், ஒருத்தியும் தன்ட பேரைச் சொல்லயில்ல. வந்து சோத்தைத் தின்னு, சிரட்டை உருளுமட்டும் நக்கிச்சுது. வீரன்தான் பாவம், அண்டைக்கு அதை ஏச ஆளில்ல.

பிறகு மாமி சாகுமட்டும் நாங்க நேராத்தான் ஏசினம். ஒத்துப் போகவேயில்ல. அவ நல்லவ எண்டும் நான் சொல்லமாட்டன், செத்திட்டா எண்டதுக்காகப் பொய் சொல்லேலுமா? இப்ப நான் மகள்ட வீட்டில இரிக்கிறன். மருமகன் என்னை ஒரு சொல்லுச் சொல்லமாட்டார். ஏதும் மனத்தாங்கல் எண்டா டெலிபோனைப் பாத்துக் கதைக்கிறார். எனக்குத் தெரியாதாக்கும்!

அந்த மகள் பிறந்தது, நாங்க கிணத்தடியில கத்தினதுக்கு அடுத்த வருசம். மாமி வந்து குனிஞ்சு பிள்ளையைப் பாத்தா. மறுகா என்னைப் பாத்தா.

"மூக்கு உன்ட மூக்கு. பாவம் பிள்ளை."

என்ட முகத்தைப் பாத்துத்தான் சொன்னா. சிட்டு கட்டிலுக்குக் கீழ நித்திரை. காதைக்கூட அசைக்கயில்ல.