பொட்டில்லாத மதில்

"எங்கடை ஜெபர்சன் அண்ணையைத் தெரியுமோ, தம்பி?" என்று கேட்டபடி சூசைதாசன் கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்தார். மியூனிக்கில் தமிழ்ப் பூசை முடிந்து, தேவாலயப் பங்கின் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தோம். தமிழ்நாட்டில் எங்கள் ஊரின் முதல் பட்டதாரி நான் என்று அப்போதுதான் அவரிடம் சொல்லியிருந்தேன். ஜெபர்சன் யாரோ யாழ்ப்பாணத்துக்காரர் என்று நினைத்து, "எந்த ஊர் சார் அவருக்கு?" என்றேன்.

"வேர்ஜீனியா" என்றார், சிரிக்காமல்.

அமெரிக்காவின் மூன்றாவது ஜனாதிபதியை அவர் அப்படித்தான் அழைப்பார். யாழ்ப்பாணத்தில் குடியியல் ஆசிரியராக இருந்தவர்; இங்கே ஒரு ஹோட்டலில் கோப்பை கழுவுகிறார். விரல் நுனிகள் எப்போதும் ஊறி வெளுத்திருக்கும். அப்போதெல்லாம் ஞாயிறு பூசையில் வேதாகமத்தின் முதல் வாசகம் அவருடையது. வாசிக்கும் நேரம் மட்டும் முதுகு நிமிர்ந்து, மறுபடி வாத்தியாராகிவிடுவார்.

"கோயிலுக்கும் அரசாங்கத்துக்கும் நடுவிலை மதில் வேணும் எண்டவர் ஜெபர்சன் அண்ணை. வேலியில்லை, மதில்." யாழ்ப்பாணத்து வேலிகளில் பக்கத்து வீட்டார் போக வர ஓர் இடைவெளி விடுவார்களாம், அதற்குப் பொட்டு என்று பெயர். "பொட்டு விட்டால் முதலிலை கோழி வரும், பிறகு ஆள் வரும், பிறகு காணியே போயிடும்."

தொண்ணூற்றைந்து கோடையில், மியூனிக் இருக்கும் பவேரிய மாநிலத்தின் அரசுப் பள்ளி வகுப்பறைகளில் சிலுவை மாட்டியே தீரவேண்டும் என்ற விதி செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. அதை எதிர்த்துப் பங்கில் கையெழுத்து வாங்கினார்கள். நமக்கு மண்டபம் தந்த ஜெர்மன் பங்கு; தமிழர்கள் எல்லோரும் போட்டார்கள். கழுத்தில் சிலுவை தொங்க, சூசைதாசன் மட்டும் பேனாவை மூடி வைத்தார்.

"இஞ்சாருங்கோ, ஜெபர்சன் அண்ணையே எங்களுக்கு மண்டபம் தந்தவர்?" என்றார் மனைவி சிசிலி, எல்லோர் முன்னாலும். சிரிப்பு எழுந்தது. "ஒரு பொட்டாவது விடுங்கோவன்."

"எங்கடை நாட்டுச் சட்டத்திலை புத்த சமயத்துக்கு முதலிடம் எண்டு எழுதினவங்கள். அது பிழையெண்டு பிள்ளையளுக்குப் படிப்பிச்சனான். இஞ்சை எங்கடை சிலுவையெண்ட உடனை சரியெண்டு சொல்ல எனக்கு ஏலாது." குரலில் கோபம் இல்லை, அலுப்புத்தான் இருந்தது.

அடுத்த ஞாயிறு வாசகம் வேறொருவருக்குப் போயிற்று. ஏன் என்று அவரிடமே கேட்டேன்.

"களைச்சுப் போனன், தம்பி. மற்ற ஆக்களும் வாசிக்கட்டும்."

இது நடந்து இரண்டு வருடம் ஆகிறது. அவருக்கு அதே ஹோட்டலில்தான் வேலை. இருவரும் சேர்ந்து உட்காரும் முன்வரிசைப் பெஞ்சில் இப்போது சிசிலி மட்டும். அவர் கடைசி பெஞ்சில், சுவரோரமாக நகர்ந்து உட்காருகிறார். பக்கத்தில் ஓராள் உட்கார, ஒரு பொட்டு. யாராவது அங்கே பையை வைத்தால், எடுத்து மெல்லத் தரையில் வைக்கிறார்.