சட்டைப் பையில் இருந்த 'ஃபிட்' அட்டை

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை. ஒரகடம் தொழிற்பேட்டைக்குப் போகும் கம்பெனி பஸ்ஸை விட்டுவிட்டு, நானும் நாலு மாதக் கர்ப்பிணியான என் மனைவியும் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உட்கார்ந்திருந்தோம். "புருஷனையும் கூட்டினு வா" என்று நர்ஸ் அக்கா அவளுக்குப் போன் செய்திருந்தார். காரணம் சொல்லவில்லை.

உள்ளே போனதும் கதவைச் சாத்தினார். முந்தின வாரம் எடுத்த மனைவியின் ரத்தத்தில் சிபிலிஸ் இருக்கிறதாம். உடலுறவால் தொற்றும் மேகநோய் என்பார்களே, அதுதான். உடனே ஊசி போடாவிட்டால் வயிற்றிலேயே குழந்தை இறந்துபோகலாம் என்றார்.

"நான் ஒரு தப்பும் செய்யலயே, அக்கா" என்று மனைவி அழுதாள்.

அப்போது நான் செய்ததை நினைத்தால் இன்றும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றும். சட்டைப் பையிலிருந்து கம்பெனியின் மருத்துவ அட்டையை எடுத்து நீட்டினேன். வருடா வருடம் எங்களைச் சோதித்து 'ஃபிட்' என்று முத்திரை குத்தித் தருவார்கள். "எனக்கு ஒண்ணுமில்ல, நான் ஃபிட்டு" என்றேன். அப்படியானால் குற்றவாளி யார் என்று சொல்லாமல் சொல்லிவிட்டேன். மனைவி அழுகையை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள்.

அக்கா அட்டையைத் திருப்பிப் பார்த்தார். "இன்னாப்பா இது? கண்ணு, காது, எடை பாத்துகீறாங்க. இந்த வியாதிய எவன் பாத்தான்? உலகம் பூரா காலங்காலமா கீற வியாதி இது. ஊசி போட்டா போயிடும். வெக்கப்பட்டு மூடி மறைக்கிறதாலதான் புள்ளைங்க சாவுது. உனக்கு எப்பனா வலிக்காத புண்ணு வந்துச்சா?"

வந்தது. கல்யாணத்துக்கு முன், அறை நண்பர்களோடு ஓர் இடத்துக்குப் போய்வந்த சில வாரங்களில். மெடிக்கல் கடையில் களிம்பு வாங்கிப் போட்டேன், ஆறிவிட்டது. அடுத்த மாதமே 'ஃபிட்' முத்திரையும் விழ, அதை அடியோடு மறந்துபோனேன்.

இல்லை என்று ஒரு வார்த்தை சொன்னால் தப்பித்துவிடலாம். மனைவி இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வந்துச்சு" என்றேன். "என்னாலதான்."

அவள் அக்காவிடம்தான் கேட்டாள்: "பிள்ளைய காப்பாத்திரலாம்லா?"

இருவருக்கும் வாரம் ஒன்றாக மூன்று வாரம் ஊசி போட்டார்கள். அந்த வாரங்களில் சோறு போட்டாள், என் முகம் பார்க்கவில்லை. பிரசவம் வரை ஒவ்வொரு நாளும் பயந்துகொண்டே இருந்தேன். மகள் பிறந்து, அவள் ரத்தத்தையும் சோதித்து, பயமில்லை என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மனைவி என்னிடம், "பிள்ளைய வாங்கிக்கோங்க" என்றாள்.

மனைவியின் ரத்தத்தைச் சோதிக்காமல், என் வாயிலிருந்து உண்மை வரட்டும் என்று காத்திருந்தால் என் மகள் பிறந்திருக்கவே மாட்டாள் என்பதை, அவள் "அப்பா" என்று கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நினைத்துக்கொள்கிறேன்.