பொம்மைக்காவின் முதல் சூப்

நாடகக் கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் அவள் விதவிதமாகச் சாப்பாடு செய்தாள், ஒருத்தரும் சாப்பிட்டதில்லை. மெழுகில் திராட்சை, பிளாஸ்டரில் ரொட்டி, ஸ்பஞ்சில் மீன். மேடையில் பரப்பி வைப்பதெல்லாம் அவள் கைவண்ணம்தான். அதனாலேயே ஊருக்கெல்லாம் அவள் பொம்மைக்கா.

ஒரு நாள் கதாநாயகன் பசி மயக்கத்தில் அந்த ரொட்டியை நிஜமாகவே கடித்துத் தொலைத்தான். பல் ஒன்று கழன்று முதல் வரிசையில் போய் விழுந்தது. "தாயே, இனிமே நிஜ ரொட்டியே வைங்க!" என்று கையெடுத்துக் கும்பிட்டான். அக்கா மாவுப் பாக்கெட்டில் அச்சிட்டிருந்த அளவைப் பார்த்துச் சுட்டு அடுக்கினாள். மறுநாள், விஷ ரொட்டியைத் தின்று சாக வேண்டிய கட்டத்தில் அந்த மகாராஜன் சாகாமல் இன்னொன்றை எடுத்தான். சபை குலுங்கியது. திரைக்குப் பின்னால் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. தான் செய்ததை ஒரு மனுஷன் சாப்பிடுகிறான்!

அந்தச் சந்தோஷம் அவளைச் சும்மா விடுமா? வேலையை உதறிவிட்டு ஒரு ஹோட்டல் சமையலறையில் போய் நின்றாள். அங்கே மாஸ்டர் அவளைவிடப் பத்து வயது சின்னவர்.

"ஒரு சூப்பும் மீனும் பண்ணுங்க. நல்லா இருந்தா வேலை, இல்லன்னா மன்னிச்சிருங்க."

கம்பெனியில் அவள் நாற்காலியில் அதற்குள் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று. இதுவும் தப்பினால் போக்கிடம் கிடையாது.

பன்னிரண்டு மணிக்குத் தட்டு வந்தது. அடடா, என்ன அழகு! பாத்திரம் கழுவுகிறவர்கூட ஈரக்கையோடு எட்டிப் பார்த்தார். மாஸ்டர் ஒரு கரண்டி சூப்பைக் குடித்தார். முகம் கோணியது.

"அக்கா, உப்பு எங்க?"

"போடலையா?"

"ருசி பார்த்தீங்களா, இல்லையா?"

"ஐயோ மாஸ்டர், நாடகத்துக்கு நான் செஞ்சதை வாயில வெச்சா ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். எல்லாம் வார்னிஷ்! பன்னெண்டு வருஷப் பழக்கம், கை வாய்க்கே வரமாட்டேங்குது."

சமையலறையே விழுந்து விழுந்து சிரித்தது. அவளுக்கோ அழுகை முட்டியது. போச்சு, எல்லாம் போச்சு. மாஸ்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கரண்டியை அவளிடம் நீட்டினார்.

"இப்போ பாருங்க."

கண்ணை மூடிக்கொண்டு வாயில் வைத்தாள். சே, வெறும் தண்ணீர்! உப்புப் போட்டுப் பார்த்தாள். மிளகு தூவிப் பார்த்தாள். எலுமிச்சை பிழிந்து பார்த்தாள். ஆஹா! இதையா அவள் செய்தாள்? இன்னொரு கரண்டி. நிஜம்தானா என்று சந்தேகம் தீர மேலும் ஒன்று. அப்புறம் சந்தேகமே இல்லாமல் நாலைந்து. கரண்டி பாத்திரத்தின் அடியில் உரசிய சத்தம் கேட்டுத்தான் நிமிர்ந்தாள்.

மாஸ்டர் பாத்திரத்துக்குள் எட்டிப் பார்த்தார். வழித்தால் அரைக் கரண்டி தேறியது. அதைக் குடித்துச் சப்புக்கொட்டினார்.

"நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துடுங்க, அக்கா," என்றார். "ஆனா வீட்லயே வயிறு முட்டச் சாப்பிட்டுட்டு வாங்க."