வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டர்

பிள்ளைகளே, நான் குருண் என்ற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கிறேன். படிப்பு மூன்றாம் படிவத்தோடு நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த வரைக்கும் எழுதுகிறேன். இது என் மகளுக்கு நான் செய்த தப்பு.

அவளுக்குப் பத்து வயது. பள்ளிக்கூடத்தில் மாடிப்படி ஏறினால் கால் வலிக்கிறது என்று கொஞ்ச நாளாகச் சொன்னாள். கிளினிக்கில் எடை பார்த்து, ரத்தம் எடுத்தார்கள். எடை வயதுக்கு ரொம்ப மேலே. வைட்டமின் டி ரொம்பக் கீழே.

“இவ்வளவு வெயில் அடிக்கிற ஊர்லயா டாக்டர்?” என்றேன்.

“வெயில் ஊருக்கு அடிக்குது. இவ மேல படலையே.” டாக்டரம்மா அவள் போட்டிருந்த ஸ்வெட்டரைக் காட்டினார். “எடை கூடுன உடம்புல அந்தச் சத்து கொழுப்புல போய்த் தங்கிடும், ரத்தத்துல கொறைஞ்சிடும். மாத்திரை தரேன். கை கால்ல கொஞ்சம் வெயில் படட்டும், ஓடி விளையாடட்டும். வெயில்ல சும்மா நின்னா எடை கொறையாது.”

அவ்வளவு சொல்லியும் என் மண்டையில் வெயில் மட்டும்தான் ஏறியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவளை வீட்டு கேட்டுக்கு வெளியே நிற்க வைத்தேன். ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டேன் என்றாள். நானே பிடித்துக் கழற்றினேன். பிறகு நிழலில் நாற்காலி போட்டு, மணியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

சைக்கிளில் வந்த மூன்று பிள்ளைகள் நின்றார்கள். வீட்டுப்பாடம் செய்யாவிட்டால் பள்ளித் திடலில் வெயிலில் நிற்க வைப்பார்கள், டெண்டா என்பார்கள், உங்களுக்குத் தெரியாததா?

“அங்கிள், இவளுக்கு டெண்டாவா?”

“என்ன செஞ்சா?” என்றான் இன்னொருவன்.

“வீட்டுச் சோத்தையெல்லாம் இவளே முடிச்சிருப்பா லா.”

அவள் உள்ளே ஓடினாள். போய்ப் பார்த்தால், ஸ்வெட்டரைப் போட்டு ஜிப்பைக் கழுத்து வரைக்கும் இழுத்துவிட்டிருந்தாள்.

“அவங்க பேச்ச காதுல வாங்காதம்மா.”

“அவங்க இப்பத்தான் சொல்றாங்க. நீங்கதான் மொதல்ல சொன்னீங்க.”

பள்ளிச் சீருடை வாங்கப் போன கடையில், இருப்பதிலேயே பெரிய சைஸும் அவளுக்குப் பற்றவில்லை. “பேசாம ஒரு கூடாரம் தைச்சுக் குடுத்துடுங்கண்ணே” என்று நான் சொன்னேனாம், அவள்தான் ஞாபகப்படுத்தினாள். கடைக்காரர் சிரித்தார், நானும் சிரித்தேனாம். எனக்கு மறந்தே போயிருந்தது. அன்றைக்குப் போட்ட ஸ்வெட்டர்தான் அது.

ஓவர்டைம் முடிந்து வரும்போதெல்லாம் பொரித்த கோழி வாங்கி வந்தவனும் நான்தான். நான் தூங்க வேண்டும் என்று போனைக் கையில் கொடுத்து அவளை வீட்டுக்குள்ளேயே உட்கார வைத்தவனும் நான்தான்.

“அப்பா சொன்னது தப்புதாம்மா” என்றேன்.

மறுநாள் காலை வீட்டுக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தேன். பின்கதவில் வந்து நின்றாள்.

“நான் போடுறேன்.”

“வா, ரெண்டு பேரும் போடலாம்.”

“நீங்க உள்ள போங்கப்பா. நீங்க இருந்தா ஸ்வெட்டரக் கழட்ட மாட்டேன்.”

போனேன். அடுப்படி ஜன்னல் அந்தப் பக்கம்தான் இருக்கிறது. அதைச் சாத்திவிட்டு, முதுகைத் திருப்பிக்கொண்டு நின்றேன். ஈரத்துணியை உதறும் சத்தம் கேட்டது.

அதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைத் துணி அவள் வேலை. ஸ்வெட்டரைக் கழற்றுகிறாளா என்று நான் பார்த்ததில்லை, கேட்டதும் இல்லை. அடுத்த மாதம் மறுபடி ரத்தம் எடுக்கப் போக வேண்டும்.